தெருவில் வாழும் பிள்ளைகளும் கடல் கடந்து செல்லும் தொண்டரும்



தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தாதியர் பயிற்சிக் கல்லூரி என்று பல இடங்களில் படிக்கிறார்கள். படிப்பு முடிந்து வேலையில் சேருவதற்கு முன் சில மாதங்கள் ஓய்வாக இருக்கும். அந்த நாட்களில் வெளிநாடு சென்று தொண்டு செய்ய வேண்டும் என்று விரும்புகிற பிள்ளைகளும் உண்டு. "அம்மா, நான் மூன்று மாதம் இந்தியாவுக்குப் போகிறேன். அங்கே ரயில் நிலையத்தில் வாழும் பிள்ளைகளுக்கு உதவி செய்யப் போகிறேன்" என்று ஒரு மகள் சொன்னால், பெற்றோருக்கு ஒரு பக்கம் பெருமையாக இருக்கும், மறுபக்கம் கவலையாகவும் இருக்கும்.

போகிற இடம் பாதுகாப்பானதா? யார் பொறுப்பு? தொண்டு செய்யப் போகிறவள் எதற்காகப் பணம் கட்ட வேண்டும்? இவையெல்லாம் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். இவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் பிள்ளை போவதால் அந்தத் தெருப்பிள்ளைக்கு என்ன நன்மை? இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் சற்று விரிவாக ஆராயப் போகிறோம்.

முதலில், தெருப்பிள்ளைகள் என்று யாரைச் சொல்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வோம். தெருவில் காணப்படும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். பகலெல்லாம் தெருவில் பூவோ பேனாவோ விற்றுவிட்டு, இரவில் வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள் ஒரு வகை. தாய் தகப்பனோடு நடைபாதையிலேயே குடியிருக்கும் பிள்ளைகள் இன்னொரு வகை. வீட்டை விட்டு ஓடிவந்து, தன்னந்தனியாகத் தெருவிலேயே உண்டு உறங்கும் பிள்ளைகள் மூன்றாவது வகை. மூன்று வகையினருக்கும் வேண்டிய உதவி ஒன்றல்ல. முதல் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். இரண்டாவது பிள்ளையின் குடும்பத்துக்கு ஒரு கூரை வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால், நம்பத்தக்க ஒரு பெரியவர் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டாகப் புதுடில்லி ரயில் நிலையத்தைப் பார்ப்போம். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து புறப்படும் ரயில்கள் அங்கே வந்து சேர்கின்றன. வீட்டில் அடி தாங்காமலோ, வறுமையாலோ, நகரத்தில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டோ, ஒரு பையன் டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறிவிடுகிறான். கூட்டத்தில் பெற்றோரைத் தவறவிட்டு வந்து சேரும் பிள்ளையும் உண்டு. இறங்கிய இடத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது. பயணிகள் மிச்சம் வைத்த சாப்பாடு கிடைக்கிறது. மழைக்கு ஒதுங்கக் கூரையும் இருக்கிறது. காலிப் போத்தல்களைப் பொறுக்கி விற்றால் கையில் காசும் புரள்கிறது. அதனால் அவன் அங்கேயே தங்கிவிடுகிறான்.

ஆனால் அந்தக் காசை அவனால் வைத்திருக்க முடியாது. இரவில் தூங்கும்போது அவனைவிடப் பெரியவர்கள் பறித்துக்கொள்வார்கள். ஆகவே கிடைத்ததை அன்றைக்கே சினிமாவுக்கும் தின்பண்டத்துக்கும் செலவழித்துவிடுகிறான். பசியையும் பயத்தையும் மறக்க, டியூப் ஒட்டும் பசையையும், எழுத்தை அழிக்கும் வெள்ளை மையையும் துணியில் நனைத்து முகரும் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. வேலை வாங்கித் தருகிறேன் என்று அழைத்துப் போகும் தரகர்களும் அங்கே காத்திருப்பார்கள். ஆகவே ரயிலை விட்டு இறங்கிய முதல் சில மணி நேரத்தில் அந்தப் பிள்ளையை யார் முதலில் சந்திக்கிறார்கள் என்பதே அவன் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடக் கூடும்.

இந்த ரயில் நிலையத்தில்தான் 1988-ஆம் ஆண்டில் சலாம் பாலக் அறக்கட்டளை தன் பணியைத் தொடங்கியது. பம்பாய் நகரத் தெருப்பிள்ளைகளின் வாழ்க்கையை மீரா நாயர் என்ற இயக்குநர் "சலாம் பாம்பே" என்ற படமாக எடுத்தார். அதில் உண்மையான தெருப்பிள்ளைகளே நடித்தார்கள். அந்தப் படத்தின் வருவாயிலிருந்து உருவானது இந்த அமைப்பு. தொடங்கியபோது அவர்களிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 25 பிள்ளைகளே. பெரிய கட்டடம் கிடையாது. நிலையத்துக்குத் தினமும் வரும் சில பணியாளர்கள்தாம் அந்த அமைப்பின் மூலதனம்.

இத்தகைய அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கவனியுங்கள். பணியாளர் ஒருவர் தினமும் அதே நேரத்தில், அதே நடைமேடையில் சுற்றி வருவார். முதல் நாளே பையனைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட மாட்டார். பெயர் கேட்பார், காயம் இருந்தால் மருந்து போடுவார், மறுநாளும் வருவார். நிலையத்துக்குப் பக்கத்தில் குளிக்கவும், சாப்பிடவும், பயமில்லாமல் தூங்கவும் ஓர் அறை இருக்கும். பையன் அங்கே வரத் தொடங்குவான். முதலில் சொல்லும் பெயரும் பொய்யாக இருக்கும். ஊரும் பொய்யாக இருக்கும். நாட்கள் செல்லச் செல்லத்தான் உண்மை வெளிவரும். சொந்த ஊரின் பெயர், அங்குள்ள ஆற்றின் பெயர், பள்ளிக்கூட வாத்தியாரின் பெயர் என்று துண்டு துண்டாகச் சேகரித்து வீட்டைக் கண்டுபிடிப்பார்கள்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, இப்படிக் கண்டெடுக்கப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதா, காப்பகத்தில் வைப்பதா என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். எந்தத் தொண்டு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒரு குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்காக யாரும் அழைக்கக்கூடிய 1098 என்ற இலவசத் தொலைபேசிச் சேவையும் அங்கே உண்டு. 1996-இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவிய சேவை அது.

நேயர்களே, இந்த வேலை முழுவதும் எதன்மேல் நிற்கிறது? தினமும் வருகிற ஒரே முகத்தின்மேல் நிற்கிறது. பையனின் மொழியைப் பேசத் தெரிந்த, அவன் பொய் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாத, நாளையும் வருவார் என்று அவன் நம்பக்கூடிய ஒருவர்மேல் நிற்கிறது. இப்போது கடல் கடந்து போகும் நம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு இந்தி தெரியாது. மூன்று மாதத்தில் திரும்பிவிடுவாள். அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் அந்த முகமாக அவளால் இருக்க முடியாது.

இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து மக்களுக்குப் பெரிய பாடம் எதுவும் தேவையில்லை. அந்தக் காலத்து ஆயாக் கொட்டகையை நினைத்தால் போதும். இருட்டு விலகுவதற்கு முன் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுத் தாய் பால்மரம் வெட்டப் போவாள். பிள்ளை அழாமல் ஆயாவின் மடிக்குப் போனது எதனால்? நேற்றும் அதே ஆயா, நாளையும் அதே ஆயா என்பதனால். மாதத்துக்கு ஓர் ஆயா மாறிக்கொண்டே இருந்திருந்தால், எந்தத் தாயாவது நிம்மதியாகக் காட்டுக்குப் போயிருப்பாளா?

நம் பாட்டிமார் அனுபவத்தில் அறிந்ததையே அறிஞர்களும் ஆராய்ந்து சொன்னார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி, ஜான் பவுல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். சோறும் துணியும் மட்டும் குழந்தைக்குப் போதாது, அன்போடு நிலையாகப் பராமரிக்கும் ஒருவர் வேண்டும் என்பது அதன் சாரம். பலர் கை மாறி வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைக் காணலாம். முன்பின் தெரியாதவர் உள்ளே நுழைந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள், மடியில் ஏறிக்கொள்வார்கள். வந்தவர், "எவ்வளவு பாசமான குழந்தை!" என்று உருகிப்போவார். உண்மையில் அது கவலைப்பட வேண்டிய அடையாளமாக இருக்கலாம். தன் வீட்டில் பத்திரமாக வளரும் சின்னப் பிள்ளை, புது ஆளைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளத்தானே செய்யும்? மூன்று மாதம் பாசம் காட்டிவிட்டு விமானம் ஏறிவிடும் தொண்டர், அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் விட்டுவிட்டுப் போனவர்களின் வரிசையில் மேலும் ஒருவராகிவிடுகிறார்.

அப்படியானால் வெளிநாட்டுத் தொண்டரால் பயனே இல்லையா? நிச்சயமாக உண்டு. தினமும் வருகிற அந்த உள்ளூர்ப் பணியாளருக்குக் கை கொடுப்பதுதான் தொண்டரின் வேலை. சிறிய அமைப்பு ஒன்றில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். அவர்களே பிள்ளைகளைத் தேட வேண்டும், அவர்களே கணக்கு எழுத வேண்டும், நன்கொடையாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும், கெட்டுப்போன கணினியையும் பார்க்க வேண்டும். கணக்கியல் படித்த தோட்டத்துப் பெண் ஒருத்தி அந்தக் கணக்கு வழக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்தால், ஒரு பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் மிச்சமாகும். அந்த நாளை அவர் நடைமேடையில் செலவிடுவார். தாதிப் பயிற்சி பெற்றவர் பணியாளர்களுக்கு முதலுதவி கற்றுக் கொடுக்கலாம். அவர் திரும்பிய பிறகும் அந்த அறிவு அங்கேயே இருக்கும்.

சலாம் பாலக் அமைப்பில் நடந்த ஒன்றை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள பஹார்கஞ்ச் பகுதியைப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் நடைப்பயணம் ஒன்றை அங்கே நடத்தி வந்திருக்கிறார்கள். அதற்கு வழிகாட்டிகள் யார் தெரியுமா? ஒரு காலத்தில் அதே தெருக்களில் வாழ்ந்து, அமைப்பின் உதவியால் படித்து ஆளான இளைஞர்கள். வெளிநாட்டுத் தொண்டர்கள் அந்த இளைஞர்களோடு அமர்ந்து ஆங்கிலம் பேசப் பழக்கினார்கள். கூச்சமில்லாமல் தம் கதையைச் சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். பழக்கிய தொண்டர்கள் ஊர் திரும்பினார்கள். ஆங்கிலம் அந்த இளைஞர்களிடம் தங்கிவிட்டது. அதைக் கொண்டு அவர்கள் சம்பாதித்தார்கள், மேலே படித்தார்கள். தெருவில் இருக்கும் பிள்ளைகளைப் பயணிகள் படம் எடுக்கக் கூடாது என்பதும் அந்த நடைப்பயணத்தின் விதி.

பட்டர்ஃபிளைஸ் என்ற மற்றோர் அமைப்பு 1989-இலிருந்து டில்லியில் பணியாற்றுகிறது. சம்பாதித்த காசை வைத்திருக்க முடியாத துன்பத்தைச் சற்று முன் சொன்னேன் அல்லவா? அதற்கு ஒரு வழியாக, தெருப்பிள்ளைகளே மேலாளராக இருந்து நடத்தும் சேமிப்பு வங்கியை அந்த அமைப்பு உருவாக்கியது. இந்த ஏற்பாட்டில் வரவு செலவு எழுதுவது பிள்ளைதான்.

பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்லத் தேவையில்லை. புதிதாக வருகிறவர் ஆர்வத்தில் கத்தியை ஆழமாக இறக்கினால், மரம் காயப்பட்டுப் போகும். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் சரியாகப் பால் எடுக்க முடியாது. வெட்டியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் காயம் காயம்தான். தொண்டும் அப்படித்தான். நல்ல மனதோடு, கைப்பழக்கமும் மேற்பார்வையும் வேண்டும்.

நல்ல மனம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியா ஓர் எச்சரிக்கை. நீண்ட போரால் சிதைந்த அந்த நாட்டுக்கு உதவ உலகமெங்கும் இருந்து மக்கள் சென்றார்கள். அநாதை இல்லங்களுக்குச் சென்று பிள்ளைகளோடு சில நாட்கள் விளையாடி, நன்கொடை கொடுத்துத் திரும்புவது சுற்றுலாப் பயணிகளிடையே வழக்கமாயிற்று. விளைவு என்ன? 2005-இல் 154 ஆக இருந்த இல்லங்கள் 2010-இல் 269 ஆகப் பெருகின. அந்தக் காலத்தில் நாட்டில் போர் இல்லை. அநாதைகள் பெருகவும் இல்லை. அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததாக, 2011-இல் யுனிசெப் நிறுவனம் சுட்டிக்காட்டியது. படிக்க வைக்கிறோம் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். பார்க்க வருகிறவர் பணம் கொடுக்கிறார் என்றால், பார்க்கப் பிள்ளைகள் வேண்டும். அதனால் பிள்ளைகள் வீட்டை விட்டுப் பிரிக்கப்பட்டார்கள். இல்லங்கள் எல்லாமே அப்படி என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் கேடு பெரிதாக இருந்ததால், அநாதை இல்லத் தொண்டுப் பயணங்களால் விளையும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று 2019-இல் ஐக்கிய நாடுகள் சபையே தீர்மானத்தில் குறிப்பிட்டது.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ போகப்போகிறேன் என்று சொன்னால், தடுத்துவிடாதீர்கள். உடனே சரி என்றும் சொல்லிவிடாதீர்கள். அந்த அமைப்புக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுதி, சில கேள்விகளுக்குப் பதில் வாங்கச் சொல்லுங்கள்.

முதலாவது, அந்த அமைப்பு அந்நாட்டு அரசாங்கத்தில் முறைப்படி பதிவு பெற்றதா? பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்க என்ன செய்கிறது?

இரண்டாவது, தொண்டரின் பின்னணியை அவர்கள் விசாரிக்கிறார்களா? இது மிக முக்கியம். நல்ல அமைப்பு, மலேசிய வெளியுறவு அமைச்சு வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்கும். முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்கும். பிள்ளைகளோடு தனியறையில் இருக்கக் கூடாது என்பது போன்ற விதிகளில் கையெழுத்து வாங்கும். இதைக் கண்டு, "நம் பிள்ளையைச் சந்தேகிக்கிறார்களே" என்று வருந்த வேண்டாம். யாரும் எதுவும் கேட்காமல் நேராகப் பிள்ளைகளிடம் அழைத்துப் போகும் இடத்துக்குத்தான் அஞ்ச வேண்டும். நம் பிள்ளைக்குத் திறந்த கதவு கெட்டவனுக்கும் திறந்தே இருக்கும்.

மூன்றாவது, என்ன வேலை தரப்போகிறார்கள்? யார் மேற்பார்வை? அதே வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்ய முடியுமா? முடியும் என்றால், விமானச் செலவை அங்கே அனுப்பிவிடுவதே மேல்.

நான்காவது, பணம். தொண்டர் தங்கவும் உண்ணவும் ஆகும் செலவை ஏழை அமைப்பு தாங்காது. அதற்காக அளவான தொகை கேட்டால் அது நியாயம். ஆனால் இடையில் ஒரு முகவர் நிறுவனம் ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்டால், அதில் எத்தனை வெள்ளி பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், கடன் வாங்கிக் கட்ட வேண்டாம்.

ஐந்தாவது, விசா. சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. அந்நாட்டுத் தூதரகத்தில் விசாரித்து, உரிய விசாவைக் கடப்பிதழில் பெற்ற பிறகே விமானச் சீட்டு வாங்க வேண்டும். காப்புறுதியும் தடுப்பூசியும் அவசியம்.

போன பிறகு ஒரு கட்டுப்பாடு வேண்டும். பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது. வீட்டில் அடிக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளையின் படம் அவனைத் தேடுகிறவன் கண்ணில் படலாம். நாளை படித்து ஆளாகி வேலைக்குப் போகும்போது, கிழிந்த சட்டையோடு இருந்த படம் தன்னைத் தொடர்ந்து வருவதை எந்தப் பிள்ளை விரும்பும்? நம் பிள்ளையை யாராவது அப்படிப் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

இவ்வளவு தூரம் போக வசதி இல்லையே என்று நினைக்கும் இளைஞர்களும் உங்களில் இருப்பீர்கள். இந்தத் தொண்டுக்குக் கடல் கடக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கோலாலம்பூரில் சௌக்கிட் வட்டாரப் பிள்ளைகளுக்காக யாயாசான் சௌக்கிட் என்ற அமைப்பு உழைத்து வருகிறது. இங்கே நமக்கு மொழி தெரியும். வாரந்தோறும் வர முடியும். ஓராண்டு, இரண்டாண்டு தொடரவும் முடியும். தோட்டத்திலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடுகளிலும், மாலையில் பாடம் சொல்லித் தர ஆள் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈராண்டு இங்கே பழகிய ஒருவர் வெளிநாடு போனால், அவரிடம் கொண்டுபோக ஒரு கைத்தொழிலே இருக்கும்.

பேருந்து நிலையத்திலோ கடைத்தெருவிலோ தனியாகத் திரியும் பிள்ளையைக் கண்டால், கையில் ஒரு வெள்ளியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 15999 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். தாலியான் காசே என்ற அரசாங்க உதவிச் சேவை அது. அந்தப் பிள்ளையைப் பார்த்த இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். உதவி வரும்வரை முடிந்தால் பக்கத்திலேயே இருங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு இரக்கம் இருக்கிறது என்றால் அது நீங்கள் வளர்த்த வளர்ப்பு. அந்த இரக்கத்தோடு பொறுமையையும் சேர்த்து அனுப்புங்கள். போய் வந்த பிறகு, "அங்கே பிள்ளைகள் உன்னை நினைத்து அழுதார்களா?" என்று கேட்காதீர்கள். "நீ கற்றுக் கொடுத்ததை இப்போது அங்கே யார் செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். அதற்கு அவள் ஓர் ஆளின் பெயரைச் சொன்னால், அவள் போனது நல்லதுக்குத்தான்.